‘முன்’ படத்துக்காரி

எண்ணூறு கொருனா கொடுத்தார்கள்,
கூடவே ஒரு கிண்ணம் முட்டைக்கோஸ் சூப்.
ஒஸ்ட்ராவாவில், பழைய சலவைக்கூடத்தின் மாடியில்,
வெள்ளைத் திரைக்கு முன்னால் நிற்கச் சொன்னான்
ராதிம் என்கிற அந்தப் பையன்.
வயிற்றில் கை வையுங்கள்.
இப்போது முழங்கால்.
இப்போது நெற்றி.
இப்போது யாரோ எதையோ சொல்லி
அதை நீங்கள் நம்ப முடியாததுபோல.

கேஸ் பில்லை நினைத்துக்கொண்டேன்.
சுலபமாக வந்துவிட்டது.

ஒன்பது வருடம் ஆகிறது.
அதன் பிறகு எனக்குக்
கல்லீரல் கெட்டது. தைராய்டு வீங்கியது.
சர்க்கரை எகிறி,
ஏதோ ஒரு தழையைக் கொதிக்கவைத்துக் குடித்ததில்
ஒரே வாரத்தில் இறங்கியது.
‘ஐம்பதைக் கடந்தவரா?
இரவில் இந்த ஒரு தவறைச் செய்யாதீர்கள்’
என்ற வரிக்குக் கீழே
தவறைச் செய்தவளாக நின்றேன்.
என்ன தவறு என்று நானும் அழுத்திப் பார்த்தேன்.
பதினேழு பக்கம் தள்ளியும் சொல்லவில்லை,
நடுவில் ஒரு மெத்தை விற்றார்கள்.

போன கோடையில்
பனித்தரையில் ஆடிப் பரிசு வாங்கிய நடிகைக்கு
ஊருக்கு மறைத்த அக்காவானேன்.
பள்ளி உணவுக்கூடத்தில் என்னோடு
மாவுருண்டை வேகவைக்கும் யித்கா
இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை,
இத்தனை வருஷம் வாயைத் திறக்கலையே நீ என்று.

டிசம்பரில் செத்தும் போனேன்.
சிவப்பில் ‘சற்றுமுன்’ போட்டு,
மருத்துவர்கள் உறைந்துபோனதாக.
அந்தச் ‘சற்றுமுன்’ பிப்ரவரி வரை மாறவில்லை.
டிராமில் கம்பியைப் பிடித்து நின்றபடி
எதிர் இருக்கைக்காரரின் கைபேசியில்
தலைகீழாக என் சாவைப் படித்தேன்.
அவர் நிமிர்ந்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார்.
பிறகு தன் பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

வழக்குப் போடலாமே என்கிறான் மகன்.
யார் மேல்?
ராதிம் இப்போது ஜன்னல் கண்ணாடி விற்கிறான்.
நான் கையெழுத்துப் போட்ட தாளில்
‘எல்லா உபயோகத்துக்கும்’ என்றிருந்தது,
சோப்புத்தூள் பெட்டியில் போட்டிருப்பதுபோல.

ஒன்று சொல்ல வேண்டும்.
‘பின்’ எனக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை.
‘பின்’ எப்போதும் வேறொருத்தி.
நோயை நான் பட
சுகத்தை அவள் வாங்கிக்கொள்கிறாள்.
அவளும் எங்கோ ஓர் ஊரில்
கேஸ் பில் கட்டிக்கொண்டிருப்பாள், பாவம்.

இன்று மருந்துக்கடை வரிசையில்
ஒருத்தி என் கோட்டுக் கையைப் பிடித்தாள்.
நனைந்த கம்பளிக் குல்லாய், என் வயதுதான்.
“நீங்க உயிரோடதான் இருக்கீங்க,” என்றாள்.
கேள்வி இல்லை அது.
அவள் பையில் ஆறு புட்டி,
என் முகம் ஒட்டிய அந்தச் சொட்டுமருந்து.
கணவர் விளாஸ்திமில். முப்பது வருடம் நிலக்கரிச் சுரங்கம்,
இப்போது மூச்சு.
ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது.
“பொய் சொல்ற முகம் இல்லைன்னுதான் வாங்கினேன்.”

உண்மையைச் சொன்னேன்,
வரிசை முழுக்கக் கேட்கும்படி:
“எனக்கு அந்த நோயே கிடையாதும்மா.”

அவள் முகம் மலர்ந்ததை
நான் பார்த்திருக்கக் கூடாது.
கைபேசியை எடுத்து இரைந்தாள்:
“விளாஸ்தா, நேரிலேயே பார்த்துட்டேன்!
நோயே கிடையாதாம்!”

“இல்லை, கேளுங்கள், இருந்ததே இல்லை…”

“இருந்த தடமே இல்லையாம்!”

பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்,
அந்தக் கைபேசியை.
மறுமுனையில் மூச்சு,
தண்ணீர் தீர்ந்த கெண்டி அடுப்பில் கிடப்பதுபோல.
மாத்திரையைப் போடுங்கள், என்றேன்.
இருமினார். நெடுநேரம் இருமினார்.
பிறகு,
“நீங்க அதிலே யாரு?
முன்னா, பின்னா?” என்றார்.

முன்தான், என்றேன்.
எப்பவும் முன்தான்.
ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.
எடுத்தீர்களா.
நான் இருக்கிறேன், போடுங்கள்.