வான் திறந்தவன்

போதகர் வரவில்லை. பரந்தன் றோட்டில் இடுப்பளவு தண்ணி.
போனில் சொன்னார்:
நோவாவை வாசி, இரண்டு வார்த்தை பேசு,
சனம் ஆறுதல் தேடுது.

பள்ளிக்கூட மண்டபம். ஈரப் பாய்கள், பருப்பு வாசம்,
கரும்பலகையில் அழிபடாத பின்னக் கணக்கு.
நான் நீர்ப்பாசனக் கந்தோர் ஆளென்று
எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லவில்லை.

மழை தொடங்குகிற இடத்தில்
வானத்துக்கு மதகுகள் இருந்ததாக எழுதிக் கிடந்தது.
சின்னனிலிருந்து வாசித்த வேதம்தான்.
மதகு என்ற சொல்லில் நாக்கு இறுகிற்று,
துருப்பிடித்த திருகுபோல.

மதகு தானாய்த் திறவாது. எனக்குத் தெரியும்.
குளம் வழிகிற வாயையும்
நாங்கள் வான் என்றுதான் சொல்கிறது.
வெள்ளி இரவு ஒன்று நாற்பதுக்கு
வான்கதவு மூன்றையும் இரண்டடி உயர்த்தினது இந்தக் கை.
கரண்ட் இல்லை. கையால்தான் சுற்றினேன்.
கட்டு உடைந்தால் ஒரு ஊரும் மிஞ்சாதென்றார் எஞ்சினியர்.
அது உண்மை.
அறிவித்தல் வாகனம் முரசுமோட்டைக்குப் போகமுந்தித்
தண்ணி போய்விட்டது. அதுவும் உண்மை.

ஆர் திறந்ததென்று வேதத்தில் அந்த வரி சொல்லவில்லை.
எங்கள் கந்தோரில் அப்படி எழுதினால் கொப்பி திரும்பி வரும்:
நேரம் எங்கே, அடி எங்கே, ஒப்பம் எங்கே?

முன்வரிசையில் சறோஜினிதேவி.
கயிறு அவிழ்க்க நேரமில்லாமல் போன பசு இரண்டு.
சோடி சோடியாக ஏற்றின கதையை
அவவுக்கு முன்னால் எப்படி வாசிக்கிறது?
வாசித்தேன்.
புறாவுக்குக் கால்வைக்க இடமில்லாத நாளில்
காகம் எதில் குந்தியிருந்ததென்று
இந்தப் பக்கத்துச் சனத்துக்கு
விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இரண்டு வார்த்தை.
பாவம், தண்டனை, தப்பின எட்டுப்பேர்,
அதெல்லாம் நெடுகக் கேட்டது.
நான் வில்லுக்குத் தாவினேன்.
அது எங்களுக்காகக் கட்டினதில்லை என்றேன்.
தான் பார்த்து நினைவுகொள்ளக் கடவுள் தொங்கவிட்டது,
மறதிக்காரன் துவாய் நுனியில் போடுகிற முடிச்சு.
இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று
ஆர் சொல்லுவான்?
செய்தவன்.
அந்த வசனத்தில்தான் ஒப்பம் கிடக்குது.
அதாலேதான் அவரை இன்னும் நம்புறன்,
கொஞ்சம்.

பிறகு, பேச நினைத்து வராத ஒன்றையும் சொன்னேன்:
ஒன்று நாற்பது. மூன்று கதவு. இரண்டடி.
என்ரை பேர்.

ஆமென் வரவில்லை.
ஒரு குழந்தை பிஸ்கற் பக்கற்றைக் கிழித்தது.
சறோஜினிதேவி எழும்பி வந்தா.
"சைரன் அடிச்சனியளோ?"
"அடிச்சனான், அக்கா. மழைச் சத்தம்."
கொஞ்சநேரம் என் கையைப் பார்த்தா, முகத்தையில்லை.
போய்த் தன் பாயில் இருந்தா.

வெளியில் வான் இன்னும் பாய்ந்துகொண்டிருந்தது.