பத்து மணிக்கு முன்

கல் ஏற்றிய லொறி எங்கள் வேலியோடு நின்றுபோனது.
ஒப்பந்தம் அவ்வளவுதானாம்.
வடக்கே கருங்கல் அணை, தெற்கே நான்,
ஒவ்வொரு மாரிக்கும் நாலு முழம்
கேட்காமல் எடுத்துக்கொள்ளும் ஒலுவில் கடல்.

அடம்பன் வை என்று யாரும் சொல்லவில்லை.
வாடி விழுந்த இடத்தில்
ஒற்றைக் கொடியொன்று மணலைப் பிடித்துக்கொண்டு
தொங்கியதைக் கண்டேன்.
கத்தியை எடுத்தேன்.

இரண்டு சாண் துண்டு, நாலு கணுவாவது வேண்டும்.
வெட்டினால் பால் வடியும்,
சீலையில் பட்டால் சவர்க்காரத்துக்கும் அசையாது.
நிமிர்த்தி நடாதே. படுக்க வை.
கணுவெல்லாம் மணலுக்குள்,
நுனி மட்டும் வெளியே.
பன்னிரண்டு நாள் கிணற்றுத் தண்ணீர்.
அதற்குப் பிறகு கையைக் கட்டிக்கொள்.

முதல் தரம் எனக்குக் கை கட்டத் தெரியவில்லை.
மாட்டெரு போட்டேன்,
அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினேன்.
இலைமேல் இலை, ஆட்டுக் குளம்பு பதிந்த மாதிரி,
பூ ஒன்றுகூட இல்லை.
ஆதம்லெவ்வை காக்காவின் ஆடுகள்
ஒரே அந்தியில் மிச்சம் வைக்காமல் முடித்தன.
கொழுத்ததை ஆடும் விரும்பும்.

இரண்டாம் தரம்
கிழிந்த கரைவலையை மேலே விரித்தேன்,
வேறொன்றும் கொடுக்கவில்லை.
வெயில் கொடுத்தது, உப்பு கொடுத்தது,
ஆடி மாதக் கச்சான் காற்று
மணலை அள்ளி அதன் முகத்தில் எறிந்தது.
புதைத்த இடத்திலெல்லாம் வேர் விட்டது.

என் அடுப்பு எரிவது விடியப்புறம் மூன்றுக்கு.
நூற்றைம்பது இடியப்பம்
அக்கரைப்பற்று பஸ் நிலையத்துக் கடைக்கு.
கொடுத்து, காசுக்குக் காத்திருந்து
திரும்பும்போது பதினொன்று.
கொடியில் அப்போது கிடப்பவை
சுருண்ட ஊதாத் திரிகள்.
பூத்திருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.
'இண்டைக்கும் பூத்திச்சு' என்பார் இஸ்ஹாக்.
'என்ன நிறம்?'
'பூ நிறம்தான்.'
இரண்டு வருசம் அந்தப் பதிலோடு நான்
அதற்கு வலை விரித்தேன், வலை மாற்றினேன்.

பிறகு காஸ் இல்லாத கிழமை வந்தது.
இஸ்ஹாக் சிலிண்டரோடு வரிசையில், இரண்டாம் நாள்.
விறகு இரவு மழையில் ஊறிவிட்டது.
மூன்று மணிக்கு முழிப்பு மட்டும் தவறாமல் வந்தது.
சுபஹு தொழுதுவிட்டு
செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மணலில் போய் இருந்தேன்.

மடக்கிய குடையைப் போல மொட்டு,
முறுக்கு ஒரு பக்கமாய்க் கழன்றது.
சத்தமே இல்லை,
கடல்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டது.
விளிம்பில் வெளுத்த ஊதா,
உள்ளே தொண்டையில்
மைப் போத்தலின் வாய்.
எறும்பொன்று இறங்கிப் போய்
வெகுநேரம் வரவில்லை.

எண்ணினேன், எழுபத்தாறு. மறுபடி எண்ண எழுபத்தொன்பது.
நான் மாப் பிழிந்த ஒவ்வொரு விடியலிலும்
இது நடந்திருக்கிறது.
பசித்தது. எழும்பவில்லை.
பத்தாகுமுன் ஒவ்வொன்றாய்ச் சுருண்டன.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள்.
திரண்டதில் பாதியை
அந்த மாரிக் கடல் வேரோடு கொண்டுபோனது.
மிச்சப் பாதிக்குக் கீழே மணல் இருக்கிறது,
மணலுக்குப் பின்னால் கிணறு இருக்கிறது.
அடுத்த மாரியைப் பற்றி எனக்குத் தெரியாது.

ஆதம்லெவ்வை காக்கா வந்தார்,
வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.
'ரெண்டு துண்டு தா, புள்ள.'
ஆட்டைக் கட்டிவிட்டு வாங்க என்றேன்.
கட்டிவிட்டுத்தான் வந்தாராம்.

காஸ் வந்துவிட்டது.
கடைக்காரனுக்கு இப்போது நூற்றிருபதுதான்,
ஒன்பதுக்கு வீட்டில் நிற்பேன்.
குறைந்த முப்பது இடியப்பத்துக்கு
மாதம் எவ்வளவு நட்டம் என்று
இஸ்ஹாக் கலண்டரின் பின்பக்கம் கணக்குப் போட்டார்.
தொகையை வாசித்தார்.
நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.