இரண்டாவது குருவி

புதுவயல் காற்றில் எப்போதும் தவிட்டு வாசம்.
எங்கள் பட்டறையில் மட்டும் தின்னர்.
பத்து மணிக்கு மேல் இரண்டும் கலந்து
மதியச் சோற்றில் ஏறிவிடும்.

அச்சடிப்பது என் வேலை இல்லை.
அடித்து முடித்த பிறகு
சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையை
என்னிடம் தள்ளுவார்கள்.
கண் கண்ணாக அடைத்த மையைக் கரைத்து
எதுவுமே நடக்காத மாதிரி
திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்,
இரண்டு கையால், துணிக்கு எதிர்த்துணி.
ஒரு பக்கம் மட்டும் துடைத்தால்
மை மறுபக்கம் போய் ஒளிந்துகொள்ளும்.
அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைசல்.
எமல்ஷன் வெயிலில் உரியும் தோலாய்ச் சுருண்டு
சாக்கடைக்குப் பச்சையாக ஓடும்.
அப்புறம் தண்ணீர். அப்புறம்
வெளியே எடுத்துப் போய்
சூரியனுக்கு நேரே பிடிப்பேன்.

அப்போதுதான் தெரியும்:
மை போயிருக்கும்,
மை இருந்த இடம் போயிருக்காது.
சவரிமுத்து அண்ணன் அதற்குப் பேய் என்று பெயர் வைத்திருக்கிறார்.
"அடிக்கையில் விழாதும்மா, சும்மா இருக்கும்."
சும்மா இருப்பதுதானே பேய்.

பெரி. நா. சகோதரர்கள் நவீன அரிசி ஆலை,
இரட்டைக்குருவி மார்க், இருபத்தாறு கிலோ.
ஒரே கதிரை இரண்டு பக்கமும் கொத்தும்
இரண்டு நீலக் குருவி.
பன்னிரண்டு வருஷத்தில்
வலை நான்கு முறை மாற்றினோம்,
குருவியை மாற்றவில்லை.

தை மாதம் பங்கு பிரிந்தது.
ஆலையின் நடுவே செங்கல் சுவர் எழும்பியது.
கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துக்கொண்டோம் என்று
இருவருமே பெருமையாகச் சொன்னார்கள்,
தனித்தனியாக.
குருவியும் ஆளுக்கொன்று.
கதிர் யாருக்கு என்று ஒருவரும் கேட்காததால்
அண்ணனே இரண்டிலும் வரைந்துவிட்டார்.

"இருக்கிற வலையே போதும்" என்றார் பெரியவர்.
"அவன் குருவியை மட்டும் எடுத்துவிடு."
எடுத்துவிடு.
சட்டைத் தோளில் கிடக்கும் முடியைச் சொல்வது மாதிரி.

மூன்று நாள்.
காஸ்டிக் ஒரு கரண்டி குறைந்தால் கறை சிரிக்கும்,
ஒரு கரண்டி கூடினால் வலை செத்துவிடும்.
பிரஷ்ஷை வட்டமாகச் சுழற்றினேன்.
உறை கிழிந்து
நகக்கண்ணில் புகுந்தது எரிச்சல்.
வால் போனது. கால் போனது.
மூக்கும் கண்ணும்
கொத்த வந்த அந்தச் சாய்வும் மட்டும்
பால் ஆடையில் மெல்லிய நீலமாய்
நின்றுகொண்டே இருந்தன.

நாலாம் நாள் பெரியவரே வந்தார்.
செருப்பைக் கழற்றாமல்
சட்டத்தை வாங்கி வெயிலுக்குத் தூக்கினார்.
முகத்தின்மேல் வலையின் நிழல்,
வலையில் தம்பியின் குருவி.

"விழுமா?"
"விழாது."
"பின்னே ஏன் தெரியுது?"
எனக்குத் தெரிந்த பதில் காஸ்டிக் பற்றியது. சொன்னேன்.
தலையாட்டினார். சட்டத்தை இறக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
தொண்டையைச் செருமிக்கொண்டு,
"அவன் வலையிலயும் இப்படித்தானா?
என்னோடது தெரியுதா?"

பொய் சொல்லியிருக்கலாம்.
அந்த நேரத்தில் எனக்கு
வலையின் விலைதான் ஞாபகம் வந்தது.
"அவர் புதுசு போட்டுட்டாருங்க."

சட்டத்தைக் கீழே வைத்தார்,
ஓசை வராமல்.
"அப்ப எனக்கும் புதுசே போட்டுடு."
வண்டியைத் திருப்பும்போது
மீட்டருக்கு என்ன ரேட் என்று
கேட்காமலே போனார்.
அவர் அப்படிப் போனதை
இதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பழைய வலையைச் சட்டத்திலிருந்து அறுத்து
நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.
தண்ணீர் டிரம்முக்கு மேல் கட்ட அளவாக இருந்தது.
கொசு நுழையாது. காற்று நுழையும்.

போன வாரம் டெங்கு பார்க்க வந்த பெண்
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
"புழு இல்லைக்கா" என்று நோட்டில் எழுதினாள்.
பிறகு விரலால் தொட்டு,
"இதென்ன, கறையா?"

குருவி, என்றேன்.
மறுபடியும் டார்ச்சை அடித்தாள்.