டயர் கடைக்கு மேலே

புதன்கிழமை எட்டு மணிக்கு
லாபிசில் டயர் கடையின் இரும்புக் கதவு இறங்கிவிடும்.
பக்கத்துப் படிக்கட்டில் ஏறினால்
மேல்மாடியில் நாங்கள் ஏழு பேர்,
ஒற்றைக் காற்றாடி,
தேவைக்கு அதிகமாய் நாற்காலிகள்.
கீழிருந்து ரப்பர் வாசனை ஏறி வரும்.
முதல் மாதம் அது தலைவலி.
இப்போது அந்த வாசனை இல்லாமல்
எனக்கு ஜெபம் வருவதில்லை.

நான் சீனப் பள்ளியில் படித்தவள்.
தமிழ் காதுவழி வந்தது, கண்வழி வரவில்லை.
பேச வரும், திட்ட இன்னும் நன்றாக வரும்.
வேதத்தைத் திறந்தால் எல்லாம் எறும்பு.
ஆளுக்கு நாலு வசனம் என்பதால்
முன்கூட்டியே எண்ணி, என் நாலைக் கண்டுபிடித்து,
அடியில் பென்சிலால்
ரூமி எழுத்தில் எழுதிவைத்துக்கொள்வேன்.

ஒருநாள் ஹென்றிராஜ் தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.
வரிசை மாறிவிட்டது.
எனக்கு வந்த நாலிலும் பென்சில் இல்லை.
கூரையைப் பார்த்தேன்.
பல்லி என்னைப் பார்த்தது.
பக்கத்தில் இருந்த ஜொவிதா
ஒன்றும் சொல்லவில்லை.
எழுத்தின் அடியில் விரலை வைத்தாள்.
விரல் நகர, என் வாய் நகர்ந்தது.
நாலு வசனத்துக்கு ஒன்பது நிமிடம்.
ஒருவர்கூட இருமவில்லை.

அப்படித்தான் படித்தேன்.
செம்பனை மில்லில் எடைக் கணக்கு என் வேலை.
லோரி ஏறும், எண் விழும், சீட்டு கிழியும்.
அடுத்த லோரி வருவதற்குள் ஒரு வசனம்,
சில நாள் ஒரு வார்த்தை.
சீட்டின் பின்பக்கம்
கிருபை என்று எழுதிப் பழகினேன்.
பதினொன்றரை டன் பழத்துக்கு ரசீது என்று
டிரைவர் அதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நூற்றெண்பது ரிங்கிட்.
மோட்டார் பழுது என்று ஜொவிதா வாங்கினாள்.
மூன்று மாதம் ஆயிற்று.
வாலிபர் குழு வாட்ஸப்பில்
கடனைப் பற்றி ஒரு கருத்துப் போட்டேன்.
பெயர் போடவில்லை.
பெயர் தேவைப்படவும் இல்லை.
அந்த வாரத்திலிருந்து அவள் நாற்காலியில்
எல்லாருடைய பையும் உட்கார்ந்தது.

ஞாயிறுதோறும் கைகளை உயர்த்திப் பாடினேன்.
என் குரல் மெருகேறியிருக்கிறது என்றார்கள்.
நானும் அதைக் கேட்டுக்கொண்டே பாடினேன்.

ஆகஸ்டில் ஒரு புதன், என் முறை.
பென்சில் எப்போதோ போய்விட்டது,
சரளமாக வாசித்தேன்.
ஒரு கூட்டெழுத்தில் தடுக்கியது.
என்னை அறியாமல்
விரலுக்காகக் காத்திருந்தேன்.
காற்றாடி சுற்றியது.

சனிக்கிழமை சந்தைக்குப் போனேன்.
பீசாங் கோரேங் சட்டிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.
“நான் அப்படிப் போட்டது தப்பு” என்றேன்.
“காசு இன்னும் இல்ல.”
“காசு கேக்க வரல.”
“அப்ப எதுக்கு வந்த?”
எத்தனையோ வசனம் படித்திருந்தேன்,
ஒன்றும் வாய்க்கு வரவில்லை.
எண்ணெய்தான் பேசிக்கொண்டிருந்தது.
ஐந்து துண்டு பொட்டலம் கட்டி
மூணு வெள்ளி என்றாள்.
கொடுத்தேன்.
வீடு வரைக்கும் கை சுட்டது.

அந்தப் புதன் அவள் வரவில்லை.
அடுத்த புதன் பேய்மழை,
ஹென்றிராஜும் நானும் மட்டும்.
தகரக் கூரை இடிந்து விழுவதுபோல் சத்தம்.
பாடினோம். எங்கள் பாட்டு எங்களுக்கே கேட்கவில்லை.
“கேக்க வேண்டியவருக்குக் கேக்கும்” என்று அவன் கத்தினான்.
அன்றுதான் முதன்முறையாக
என் குரலைக் கேட்காமல் பாடினேன்.
ஏன் அழுதேன் என்று தெரியாது.
மழை, அவனும் கவனிக்கவில்லை.

மூன்றாவது புதன்
படிக்கட்டில் ஒரு செருப்பு,
வார் அறுந்து கம்பியால் கட்டியது.
என்னிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.
நடுவில் அவள் ஹெல்மெட்.
என்னைப் பார்க்கவில்லை.

என் முறை வந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று வசனம் வாசித்தேன்.
நாலாவதில் ஒரு எழுத்து.
தெரிந்த எழுத்துதான்.
ஆனாலும் நின்றேன்.