இருபத்திரண்டு

உலான்பாத்தர் சந்தையில் ஆடுகளை விட்டுவிட்டு
ட்ரோனோடு வந்தான் ஷிரெந்தெவ்.
இருபத்திரண்டு ஆடு.
அதில் ஒன்று சினை; அதை அவன் எண்ணவில்லை.

முதல் நாள் மந்தை சிதறி ஓடியது.
மூன்றாம் நாள்
அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

"மலைக்கு அந்தப்பக்கம் போன குதிரையை
நாலே நிமிடத்தில் காட்டியதே?"
காட்டியது.
ஓட்டிவர நீதானே போனாய், அரை நாள்.

இன்று மைனஸ் முப்பத்தைந்து.
குளிரில் பேட்டரி செத்துவிடுமாம்.
நேற்றுப் பிறந்த குட்டி கிடக்கும்
என் மேலங்கிக்குள்
அதையும் திணிக்கிறான்.
குட்டி முகர்ந்தது,
ஒரு முனையை நக்கியது,
கொஞ்சம் தள்ளிப் படுத்தது.

கொடுத்த விலைக்குத் தகுமா, சொல் என்று
இன்னும் அரிக்கிறான்.
மெதுவாகப் பேசு,
இரண்டும் தூங்குகின்றன.