ஐம்பது வீதம்

வானொலிக்காரர் கேட்டார்,
ஒரே வசனத்தில் சொல்லுங்கள், பொருளாதாரத் தடை என்றால் என்ன?
ஒரு பெயரைப் பட்டியலில் எழுதுவது,
பிறகு அந்தப் பெயரோடு குலுக்கிய கைகளையெல்லாம்
ஒவ்வொன்றாக எண்ணுவது என்றேன்.
நல்ல வசனம் என்றார்.
விளம்பரத்துக்குப் போனோம். சவர்க்காரம்.

மீதி நேரம் பங்குக் கணக்கு.
கப்பலில் ஐம்பது வீதம் அவனுடையதென்றால்
முழுக் கப்பலும் அவனுடையது.
நாற்பத்தொன்பது என்றால் கடல் எல்லாருக்கும் பொது.
இடையில் கிடக்கும் அந்த ஒரு வீதத்தில்தான்
என் வீட்டுக் கடன் அடைபடுகிறது,
அதைச் சொல்லவில்லை.
உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு என்று
இரண்டு தரம் அழுத்திச் சொன்னேன்.

உள்துறைமுகத்தில் நாலு மாதமாக நிற்கிறது 'மார்த்தா'.
மூன்று கொடி மாற்றிய உடம்பு.
மேலே பூசிய வெள்ளையைத் துளைத்துக்கொண்டு
பழைய பெயர் துருவாக வெளியே வருகிறது.
உள்ளே பதினொரு பேர், சம்பளமில்லாமல்.
பத்தூமிக்காரச் சமையலாள் என் இலக்கத்தை
எங்கேயோ பிடித்து அழைத்தான்.
வெங்காயம், மேடம். வேறொன்றும் வேண்டாம்.
வெங்காயம் இல்லாமல் எதுவுமே சமையல் இல்லை.

கப்பல்களுக்குச் சாமான் ஏற்றுகிற ஜெஸீம் காக்கா
மழைக்கோட்டோடு வந்து நின்றார்.
போன முறை அரிசி கொடுத்த காசை
வங்கி இன்னும் விடவில்லை.
'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு கடிதம்,
நாலாய் மடித்து, ஈரமாய்.
"ரேடியோவில கேட்டன் தங்கச்சி.
சாப்பாட்டுக்குத் தடை இல்லையெண்டு நீங்கதானே சொன்னீங்க?"
"ஓம். சட்டத்தில இல்லை."
"அப்ப எங்க இருக்கு?"

கொழும்பில் ஒரு மேசையில் இருக்கிறது.
அந்த மேசை பயப்படும் இன்னொரு மேசையில்.
ஒருவரும் முடியாது என்று சொல்வதில்லை,
ஒருவரும் ஓம் என்று சொல்வதுமில்லை.

எனக்கு எட்டு வயதில்
மூதூரைத் தாண்டிய சோதனைச்சாவடியில்
அம்மாவின் பைக்குள்ளிருந்து
இரண்டு பற்றரியும் இரண்டு சவர்க்காரமும்
பலகைக்கு வந்தன.
அந்தச் சட்டத்துக்குப் பிரிவு இலக்கம் இல்லை.
ஒரு சிப்பாயின் விரல் இருந்தது.
பலகையைத் தட்டினால் எடு. தட்டாவிட்டால் வை.
ஒரு சவர்க்காரத்துக்குத் தட்டினான்.
இதை எந்த நேர்காணலிலும் சொன்னதில்லை.
சொன்னால் என்னைப் பார்த்து நம்பிவிடுவார்கள்,
பிரிவைப் பார்த்தல்லவா நம்ப வேண்டும்.

ஆகவே காக்காவுக்குத் தாளில் எழுதினேன்:
'விநியோகத்தைத் தற்போதைக்குத் தவிர்ப்பது உசிதம்.'
கையெழுத்து. முத்திரை.
கட்டணம் வாங்கவில்லை.
வாங்காமல் விட்டது கொஞ்ச நேரம் பெருமையாக இருந்தது,
பிறகு அந்தப் பெருமை வெட்கமாக.

பின்னேரம் நீதிமன்றம் கலைந்து வரும்போது
காக்காவின் கடை வாசலில் கிழிந்த சாக்கு.
இரண்டு மான்கள் வெங்காயத் தோலை முகர்ந்துவிட்டுத்
தலையை உதறி விலகின.
படகு கட்டுகிற இடத்தில் கயிறு மட்டும்
தண்ணீரில் ஏறி இறங்கியது.
கதவைப் பாதி சாத்தியபடி காக்கா,
"மஃரிபுக்கு நேரமாச்சு தங்கச்சி."
பாங்கு சொல்ல இன்னும் அரை மணி இருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
சட்டத்தில் ஒரு சொல் உண்டு: 'அறிந்துகொண்டே'.
அதிலிருந்து தப்புவதற்கு வழி,
கேட்காமல் நடப்பது.
பக்கத்திலேயே இன்னொன்று வைத்திருக்கிறார்கள்:
'அறிந்திருக்க வேண்டியவர்'.

கடற்கரை வீதியால் நடந்தேன்.
உள்துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று.
எண்ணெயில் ஏதோ வதங்குகிற வாசம் என்று
சத்தியக் கடதாசியில் நான் எழுதமாட்டேன்.
மூச்சை மட்டும்
கொஞ்சம் மெதுவாக விட்டேன்.