இருப்புப் பதிவேடு

பன்னிரண்டு ரப்லெட் மாசியில் வந்தது,
பெட்டியில் நீலத்தில் மஞ்சள் நட்சத்திர வட்டம்.
அதிபர் படம் எடுத்தார். வலயக் கல்வி அலுவலகம் படம் எடுத்தது.
பிறகு கனகேஸ்வரன் சேர்
ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்ரால் இலக்கம் போட்டு
அலுமாரிக்குள் அடுக்கிப் பூட்டினார்.

உடைஞ்சால் ஆர் கட்டுறது ரீச்சர்?
அவரிலும் பிழை சொல்லேலாது.
முந்தின பள்ளிக்கூடத்தில் தொலைந்த ஒரு சுவர்க்கடிகாரத்துக்கு
ஆறு மாதம் சம்பளம் வெட்டுப்பட்ட மனிசன்.

நான் காரைநகரில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.
செவ்வாய் பின்னேரம் நாலரைக்கு ஸூம்:
தாலினில் மார்கித், அவெய்ரோவில் இனேஸ்,
நடுவில் பிரசெல்ஸில் ஒரு தம்பி.
டிஜிற்றல் புத்தாக்கத்துக்கு
உங்கள் பாடசாலையில் உள்ள தடைகள் எவை என்று
மிக மரியாதையாகக் கேட்டான்.

கரண்ட் என்றேன்.
வேம்புக்குக் கீழே இரண்டு கோடு,
தண்ணீர்த் தாங்கியில் ஏறினால் நாலு கோடு என்றேன்.
அலுமாரியைச் சொல்ல வெட்கம்.

அந்த நேரம் பார்த்துச் சேர் வாசலால் போனார்.
மைக்கை மூட மறந்து கேட்டுவிட்டேன்,
சேர், அந்த அலுமாரி இண்டைக்கெண்டாலும் திறபடுமோ?

இனேஸ் நிமிர்ந்தாள்.
அர்மாரியு?
அலுமாரி.
லப்ரொப்பைத் தூக்கித் திருப்பிக் காட்டினாள்:
அவளுடைய வகுப்பின் மூலையிலும்
ஒரு சாம்பல் நிற இரும்புப் பூதம்.
உள்ளே முப்பது ரப்லெட், போன திட்டத்தில் வந்தவை.
பொறுப்பானவர் பென்சனில் போய்விட்டாராம்.

அதற்குப் பிறகு தடைகளைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.
நான் ஒன்றைத் தட்டினேன், அவள் ஒன்றைத் தட்டினாள்.
மேசை. கதிரை. வாங்கு. யன்னல்.
நானூறு வருடத்துக்கு முந்தி துவக்கோடு வந்தவர்கள்
விட்டுப்போன தளபாடத்திலா
இவ்வளவு காலமும் இருந்து படிப்பித்தேன்?
மார்கித் ஒன்றும் விளங்காமல் கைதட்டினாள்.
தம்பி 'நேரம்' என்றான், பிறகு அவனும் விட்டுவிட்டான்.

பூட்டைத் திறக்கிற சாமானுக்கு என்ன பெயர்?
எங்களுக்கு ஷாவ், என்றாள்.
சாவி எண்டும் சொல்லுறவை இருக்கினம், அதுவும் உன்ரதான்.
நாங்கள் இங்கே திறப்பு என்போம்.
அதுக்கு வேறு கருத்து உண்டா?
உண்டு, என்று சொல்லி முடிக்க
சிக்னல் போய்விட்டது.

அடுத்த நாள், பிரார்த்தனை மணிக்கு முந்தி,
இருப்புப் பதிவேடு, பக்கம் முப்பத்தொன்று.
பன்னிரண்டு வரியிலும் 'ம. சிவரூபி' என்று ஒப்பமிட்டேன்.
சேர் திறப்பைக் கையில் தரவில்லை,
மேசையில் வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தார்.

பிள்ளையள் கிணறு கிணறாய்ப் போனார்கள்.
களபூமி, வலந்தலை, கோவளம்,
வாளித் தண்ணீரில் உப்புமானியைத் தாட்டு
எண்ணை அனுப்ப, அதே அட்டவணையில்
பக்கத்து நிரலில் அவெய்ரோவின் உப்பளம்.
அங்கே எண் ஏறினால் பச்சை.
இங்கே ஏறினால் சிவப்பு.
கபிஷன் கேட்டான்:
மிஸ், எங்கட சிவப்பை அவையள் விலைக்கு வாங்குவினமோ?
இதை இனேஸுக்கு அனுப்பினேன்.
சிரிப்பு முகம் ஒன்று வந்தது,
அரை மணித்தியாலம் கழித்து
அந்தக் கிணற்றில் எத்தனை வீடு குடிக்குது என்று ஒரு கேள்வி.
பதினாலு.

வலந்தலையில் யதுசிகா
படம் எடுக்கக் குனிந்ததில் ஏழாம் இலக்கம் விழுந்தது.
பாதாளக் கரண்டி போட்டு எடுத்தோம்,
பாசியோடும் யாரோ எப்போதோ தொலைத்த குவளையோடும்.

இறுதி அறிக்கையில் 'பெறுபேறு' என்று ஒரு கட்டம்.
அளந்த கிணறு அறுபத்துநாலு, எழுதிவிட்டேன்.
சேதம் என்ற கட்டம் இன்னும் வெறுமை.
ஏழாம் இலக்கம்
கனகேஸ்வரன் சேர் வீட்டு அரிசிச் சாக்குக்குள்
நாலாம் நாளாகக் கிடக்கிறது.
கேட்காமலே கொண்டுபோனார்.
ஒவ்வொரு காலையும் சைக்கிளை நிறுத்த முதலே சொல்லுகிறார்:
பொறுங்கோ ரீச்சர்,
இண்டைக்குக் கொஞ்சம் சூடு தெரிஞ்சது.